‘குடும்பம்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இசை ரசிகர்களை ஆவணப்படமாக்குவது எப்படி

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த இன்சேன் கிளௌன் பாஸி என்ற ராப் இரட்டையரின் தீவிர ரசிகர்களை ‘ஜகலோ’க்கள் என்பார்கள். ஆண்டுதோறும் நடக்கும் அவர்களுடைய பெருங்கூடலில் எங்கோ ஒருவர் ‘ஃபேமிலி’ என்று குரலெழுப்பினால், அருகிலிருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல, சற்று நேரத்தில் கூட்டமே அந்தச் சொல்லை அசை அசையாகப் பிரித்து முழங்கத் தொடங்கிவிடும். கேமராவோடு போகும் எவருக்கும் இந்தக் காட்சி முதல் நாளே கிடைத்துவிடும். அது கிடைத்ததுமே குடும்பத்தைப் படம்பிடித்துவிட்டோம் என்று நம்பிவிடுவதுதான் இவ்வகை ஆவணப்படங்களில் நேரும் முதல் பிழை. குடும்பம் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாருக்காக என்ன செய்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்துக் காட்டுவது படமெடுப்பவரின் வேலை. அதைச் செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஜகலோக்களிடமிருந்தும், அவர்களுக்கு ஒரு தலைமுறை முந்தைய, கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் ரசிகர்களான ‘டெட்ஹெட்’களிடமிருந்தும் வருகின்றன.

கேமராவை எடுப்பதற்கு முன்

முதலில் வரலாற்றைப் படித்துக்கொள்ளுங்கள். ஜகலோ என்ற பெயர் 1990களில் மேடையிலிருந்து ரசிகர்களை நோக்கிச் சொல்லப்பட்டு நிலைத்துப்போனது. அவர்களுடைய முதல் பெருங்கூடல் 2000ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் நோவை என்ற ஊரில், ஒரு கண்காட்சி அரங்கத்துக்குள் நடந்தது. பின்னர் அது திறந்தவெளிக்கு மாறியது. 2007 முதல் 2013 வரை இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஓஹையோ ஆற்றங்கரையிலுள்ள கேவ்-இன்-ராக் என்ற சிற்றூருக்கு அருகில் கூடாரமடித்துத் தங்கும் விழாவாக நடந்தது. இந்த மாற்றம் சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் நான் இந்தப் படத்தை எடுப்பதாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்குவேன். அரங்கத்துக்கு வருபவர் நிகழ்ச்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார். சில இரவுகளைத் திறந்தவெளியில் கழிப்பவருக்கோ மழையில் ஒழுகாத கூடாரம் யாரிடம் இருக்கிறது, போதையில் விழுந்து கிடப்பவரை யார் தூக்கி வருவது, தண்ணீர் தீர்ந்துவிட்டால் யாரிடம் கேட்பது என்ற கேள்விகள் எழுகின்றன. குடும்பம் என்ற சொல்லுக்கு வேலை வருவது அப்போதுதான்.

அடுத்து, இந்த மக்களுக்குப் படம்பிடிக்கப்படுவதால் என்ன ஆபத்து என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ சார்பில் 2011இல் வெளியான தேசியக் கும்பல் அச்சுறுத்தல் அறிக்கை, ஜகலோக்களைத் தளர்வாக அமைந்த ஒரு கலப்புக் கும்பல் என்று வகைப்படுத்தியது; நான்கு மாநிலங்களில் மட்டுமே அவர்கள் கும்பலாகக் கருதப்படுகிறார்கள் என்பதை அந்த அறிக்கையே சொல்லியிருந்தும், அந்தப் பெயர் நாடு முழுவதும் ஒட்டிக்கொண்டது. 2014 ஜனவரியில் இசைக்குழுவினரும் நான்கு ரசிகர்களும், குடிமக்களின் உரிமைகளுக்காக வாதாடும் ஏசிஎல்யூ சங்கத்தின் மிச்சிகன் கிளையின் துணையோடு வழக்குத் தொடர்ந்தார்கள். வழக்காடிய ரசிகர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். வண்டியில் ஜகலோக்களின் அடையாளமான, கோடாரி ஏந்தி ஓடும் மனிதனின் சின்னம் இருந்த காரணத்தால் டென்னசியில் தன்னை நிறுத்தி விசாரித்தார்கள் என்பது அவருடைய முறையீடு. இன்னொருவர் ராணுவத்தில் சேரப் போனவர். பச்சை குத்தியிருந்த அந்தச் சின்னத்தைக் காசு செலவழித்து மறைத்த பிறகும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றார். கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்குக்கு 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர் கொடுத்தது. ஆனால் மீண்டும் தள்ளுபடியாகி, 2017 டிசம்பரில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், செப்டம்பர் 16 அன்று, குழுவினரைப் போலவே முகத்தில் கோமாளிச் சாயம் பூசிய ரசிகர்கள் வாஷிங்டனின் லிங்கன் நினைவகத்தில் திரண்டு, நாங்கள் கும்பல் அல்ல, குடும்பம் என்று அரசுக்கு எதிரில் நின்று சொன்னார்கள். ஒரு பொழுதுபோக்குச் சொல் சட்ட வாதமாக மாறிய இடம் அது.

ஆகவே இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒப்புதல் படிவம் என்பது சடங்குக்காக நீட்டும் காகிதமாக இருக்கக் கூடாது. படம் எங்கே காட்டப்படும், வேலை கொடுத்தவரும் காவல்துறையும் பிள்ளையின் காவலுரிமைக்காக வழக்காடும் முன்னாள் துணைவரும் அதைப் பார்க்கக்கூடும் என்பதை எளிய சொற்களில் விளக்கிய பிறகே கையெழுத்துக் கேளுங்கள். குடித்திருப்பவரிடம் வாங்கிய கையெழுத்துக்கு நியாயத்தில் மதிப்பில்லை. மறுநாள் காலையில் போய்த் திரும்பக் கேளுங்கள். நான் இரண்டு முறை ஒப்புதல் வாங்கும் பழக்கத்தை வைத்திருக்கிறேன்: ஒன்று படப்பிடிப்பின்போது, மற்றொன்று சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில். இரண்டாவது முறை மறுப்பவர்கள் உண்டு, அவர்களால் நல்ல காட்சிகள் கைவிட்டுப் போவதும் உண்டு, போகட்டும். சிறுவர்களைப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் எடுக்காதீர்கள். போதைப்பொருள் கைமாறும் இடத்தில் முகங்களைப் பதிவு செய்யாதீர்கள். நீதிமன்றம் கேட்டால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கும் சாட்சியாகும். முகச்சாயம் ஆளை மறைத்துவிடும் என்று நம்ப வேண்டாம், ஏனென்றால் கழுத்திலும் முன்கையிலும் உள்ள பச்சை குத்தல்கள் அதைவிடத் தெளிவான அடையாளம்.

உள்ளே போவது

முதல் நாள் கேமராவை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பகிர்ந்துகொள்ள ஏதாவது எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் நான்கைந்து இருந்தால் நீங்கள் யார் என்று விளக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். மிக உரக்கக் கத்துபவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், அவர்களுக்குக் கேமரா பிடிக்கும். நீங்கள் தேட வேண்டியது வேறு ஆட்களை. கூடார முளைகளை அடிக்கும் சுத்தியல் யாரிடம் இருக்கிறது, முதலுதவிப் பெட்டி யாருடைய வண்டியில் இருக்கிறது, தொலைந்துபோனவரைத் தேடும்போது எல்லோரும் எந்தக் கூடாரத்துக்குப் போய்க் கேட்கிறார்கள் என்று கவனித்தால் ஒரே நாளில் அந்த ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர் நடுவயதுக்காரராகவும் அதிகம் பேசாதவராகவும் இருப்பார். உங்கள் படத்தின் முதுகெலும்பு அவர்தான்.

ஒரே பிற்பகலில் எடுத்த படமும் நல்ல படமாக இருக்க முடியும். 1986 மே 31 அன்று மேரிலாந்தின் லாண்டோவரில், ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் நிகழ்ச்சிக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் காத்திருந்த ரசிகர்களை இருவர் கடன் வாங்கிய கருவிகளோடு படம்பிடித்தார்கள். ‘ஹெவி மெட்டல் பார்க்கிங் லாட்’ என்ற பெயரில் பதினேழு நிமிடம் போல ஓடும் அந்தப் படம் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் உற்சாகம் முழுமையாக இருக்கிறது. ஆனால் அந்த இளைஞர்கள் ஒருவருக்கொருவர் என்ன ஆகிறார்கள் என்பது அதன் அக்கறை அல்ல. ஒரு பிற்பகலில் அது தெரியவும் தெரியாது. குடும்பம் உங்கள் பொருளென்றால், குறைந்தது இரண்டு ஆண்டுக் கூடல்களும், இடையிலுள்ள மாதங்களும் உங்களுக்கு வேண்டும். இரண்டாம் ஆண்டு வராதவர் யார் என்பது முதல் ஆண்டுப் பதிவு இருந்தால்தான் பொருள்படும்.

கைகளைப் படமெடுங்கள்

ஜகலோக்களைப் பற்றி ஒரே ஒரு காட்சி மட்டும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், மாலை நிகழ்ச்சிக்கு முன் முகச்சாயம் பூசும் காட்சியைத்தான் எடுப்பேன். கார் கண்ணாடியைப் பார்த்துத் தானே பூசிக்கொள்பவர்கள் இருப்பார்கள். ஆனால் ஒருவருக்கு இன்னொருவர் பூசிவிடும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். பூசுபவர் இடது கையால் மற்றவரின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்புவார், கண்ணை மூடச் சொல்வார், இமையின் மேல் கறுப்பு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். பூசிக்கொள்பவர் அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குப் பேச முடியாமல், கண் திறக்க முடியாமல், முன்பின் தெரியாதவராகக்கூட இருக்கக்கூடிய ஒருவரிடம் முகத்தை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். வெட்டாமல் முழுவதையும் எடுங்கள். பின்னால் யாராவது சொல்லும் எந்த விளக்கத்தைவிடவும் இது அதிகம் சொல்லும்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. வெள்ளைச் சாயம் வெயிலில் வெளுத்து விவரமில்லாத பரப்பாகிவிடும், அதைச் சுற்றியுள்ள கறுப்பு குழியாகத் தெரியும். ஒளியளவை வெள்ளைச் சாயத்துக்கு வைத்துக்கொண்டு, நிழற்பகுதியைப் படத்தொகுப்பின்போது தூக்கிவிடுவது நல்லது. முகத்தைக் கண்டுபிடித்துக் குவியம் பிடிக்கும் தானியங்கி வசதி சாயம் பூசிய முகங்களில் தடுமாறலாம் என்பதால், கையாலேயே குவியம் வைக்கப் பழகுங்கள். பிற்பகல் வியர்வையில் சாயம் வழியும். அதைத் தொடர்ச்சிக் குறையாக எண்ணித் துடைக்கச் சொல்லாதீர்கள், வழிந்த முகத்துக்குத்தான் அந்த நாளின் நேரம் தெரியும்.

மேடைக்கு அருகில் போவதாக இருந்தால் கருவிகளுக்கு மழையுறை கட்டாயம். 1907இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஃபேகோ என்ற மலிவான குளிர்பானத்தை இந்த இரட்டையர் பாட்டில் பாட்டிலாகக் கூட்டத்தின் மேல் பீய்ச்சியடிப்பது வழக்கம். அந்தப் பானம் லென்ஸின் வளையங்களுக்குள் புகுந்து காய்ந்தால் மறுநாள் அது திரும்பாது. ஈரத்துணியால் அன்றிரவே துடைத்துவிடுங்கள். இப்படி நனைந்தவர்கள் பின்னிரவில் ஒட்டும் தலைமுடியோடு ஒரே குழாயடியில் வரிசையில் நின்று கழுவிக்கொள்வதையும் எடுக்க மறக்காதீர்கள்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. திறந்தவெளியில் காற்றுறையோடு கூடிய சட்டை மைக் இல்லாமல் நேர்காணல் எடுக்காதீர்கள். எந்த இடத்தில் பேச வைத்தாலும், பேச்சு முடிந்ததும் அதே இடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் சுற்றுப்புற ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நேர்காணல் எடுத்தால் எந்த இடத்திலும் வெட்ட முடியாது, வெட்டினால் பாட்டு துள்ளும். அதோடு அந்தப் பாட்டின் உரிமையும் உங்கள் தலையில் விழும்.

எதைக் கேட்பது

‘இவர்களை ஏன் குடும்பம் என்கிறீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள், அதுவும் ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பழகிய பதிலாக இருக்கும். சொல்லை விட்டுவிட்டுச் சம்பவத்தைக் கேளுங்கள். இங்கே யாருடைய வண்டியில் வந்தீர்கள், பெட்ரோலுக்கு யார் காசு கொடுத்தார்கள், கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனபோது இந்தக் கூட்டத்திலிருந்து யார் கூப்பிட்டார்கள், யாருக்காவது கடன் கொடுத்துத் திரும்பி வராமல் போனதா, சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்டால் பெயர்களும் ஊர்களும் தொகைகளும் வரும். அந்தப் பெயர்களைத் தேடிப் போனால் அடுத்த காட்சி கிடைக்கும். பெற்றோரைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். பிறந்த வீட்டில் கிடைக்காததைத் தேடித்தான் இங்கே வந்திருப்பார்கள் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு கேட்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் உங்களுக்குப் பிடித்த கதையையே சொல்லத் தொடங்குவார்கள். தாயும் மகனுமாக ஒரே கூடாரத்தில் தங்கியிருப்பவர்களும் அங்கே இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒருவர் ஒருவருக்குச் செய்வது அந்தக் குழுவுக்குள் எப்படி ஒரு வழக்கமாக உறைந்திருக்கிறது என்பதையும் தேடுங்கள். கலிஃபோர்னியாவில் 1965இல் உருவான கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்களான டெட்ஹெட்கள் இதில் பெரும் பாடம். போதை மலிந்திருந்த அந்த நிகழ்ச்சிகளில், போதையை விட்டுவிட்ட ரசிகர்கள் ‘வார்ஃப் ராட்ஸ்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, மஞ்சள் பலூன் கட்டிய மேசையொன்றை வைத்து, இடைவேளையில் அதைச் சுற்றிக் கூடினார்கள். தடுமாறும் ஒருவர் ஆயிரக்கணக்கானோர் நடுவே தலையைத் தூக்கிப் பார்த்தால் போவதற்கு ஓர் இடம் தெரியும். நுழைவுச்சீட்டு இல்லாதவர் வாசலில் ஒற்றை விரலை உயர்த்தி நிற்பார். மிச்சம் வைத்திருக்கும் யாராவது இலவசமாகக் கொடுத்தால் அதற்கு ‘மிராக்கிள்’ என்று பெயர். நிகழ்ச்சிகளைத் தாங்களே ஒலிப்பதிவு செய்து ஒலிநாடாக்களைப் பரிமாறிக்கொண்டவர்களுக்கு 1984இல் அரங்கத்திலேயே தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அந்த நாடாக்களை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. பலூன், விரல், ஒலிநாடா ஆகிய மூன்றுமே கேமராவுக்குத் தெரியும் பொருள்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எடுக்கும் கூட்டத்திலும் இப்படியொன்று இருக்கும். அதன் பெயரைக் கேட்டறிந்து, அது நடக்கும் இடத்தில் காத்திருங்கள்.

குடும்பத்தின் மறுபக்கம்

அன்பை மட்டும் காட்டும் படம் விளம்பரமாகிவிடும். 2010 கூடலில் மேடையேறிய ஒரு பெண் கலைஞரைப் பிடிக்காத கூட்டம் கல்லும் பாட்டிலும் எறிந்து அவரைக் காயப்படுத்தியது. அப்போது அங்கிருந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்காமல் குடும்பம் பற்றிப் படமெடுத்தால், வெளியாளைக் குடும்பம் எப்படி நடத்துகிறது என்ற பாதியை விட்டுவிட்டவர்கள் ஆவோம். ‘ஜகலெட்’ எனப்படும் பெண் ரசிகர்களிடம், ஆண்கள் யாரும் சுற்றி இல்லாத நேரத்தில், இரவில் தனியாக நடக்க முடிகிறதா, தொல்லை கொடுத்தவனை மற்றவர்கள் வெளியேற்றினார்களா, அல்லது அவனும் குடும்பம்தான் என்று பேசி மூடினார்களா என்று கேளுங்கள். முடிந்தால் கேட்பவரும் பெண்ணாக இருக்கட்டும். விலகிப் போனவர்களில் இருவரையாவது தேடிப் பிடியுங்கள். காசு எங்கே போகிறது என்பதையும் காட்டுங்கள்: அந்தக் கோடாரி மனிதன், குழுவினர் தாங்களே நடத்தும் சைக்கோபாத்திக் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தின் வணிகச் சின்னம், அது அச்சிட்ட பனியனையும் சங்கிலியையும் காசு கொடுத்து வாங்கித்தான் குடும்பத்தினர் ஒருவரையொருவர் தெருவில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இதைக் கேலியாக வைக்க வேண்டாம், கடையில் நிற்பவரின் கையில் எண்ணப்படும் டாலர் தாள்களைக் காட்டினால் போதும்.

ஓர் எச்சரிக்கையை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் முன்பு எடுத்த ஒரு குறும்படத்தில், ரசிகர் ஒருவர் ‘இவர்களுக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று சொல்லிவிட்டு இரண்டு விநாடி கழித்துத் தாமே வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்புக்கு முன்பே வெட்டிவிட்டேன். வாக்கியம் கம்பீரமாக நின்றது. திரையிடலில் அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘நான் விளையாட்டாகச் சொன்னதல்லவா’ என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து, ஒரு பேச்சின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஐந்து விநாடியைக் கேட்காமல் எதையும் வெட்டுவதில்லை.

கூடல் கலைந்த பிறகு

விழா முடிந்த மறுநாள் காலையில் எல்லோரும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பும்போது உங்கள் குழுவும் களைத்துப்போய்க் கிளம்பப் பார்க்கும். நில்லுங்கள். யார் யாருடைய குப்பையை அள்ளுகிறார்கள், கிளம்பாத வண்டியை யார் தள்ளுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். பிறகு இரண்டு மூன்று பேரை அவர்களுடைய ஊரில், வேலை நாளொன்றில் போய்ப் பாருங்கள். முகச்சாயம் இல்லாமல், கிடங்கிலோ சமையற்கட்டிலோ சீருடையில் வேலை செய்யும் அந்த மனிதரின் கைப்பேசி இடைவேளையில் அடிக்கிறதா, அடித்தால் யார் கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் வேலை செய்பவருக்கு இவர் ஜகலோ என்பது தெரியுமா என்பதை எடுங்கள். 1995 ஆகஸ்ட் 9 அன்று கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா இறந்து, அந்தக் குழுவும் அந்த ஆண்டே கலைந்த பிறகும் டெட்ஹெட்கள் ஒருவரையொருவர் தேடிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மேடையில் யாரும் இல்லாதபோது மிச்சமிருப்பது என்ன என்பதற்கு உங்கள் படத்திலும் ஒரு காட்சி வேண்டும்.

படத்தொகுப்பின்போது இசை உரிமையைப் பற்றி உங்களுக்குத் தலைவலி வரும். பதிவுசெய்யப்பட்ட ஒரு பாட்டைப் படத்தில் வைக்க, பாடலை எழுதியவர் தரப்பிடமிருந்து ஒன்றும் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையுள்ளவரிடமிருந்து ஒன்றுமாக இரண்டு அனுமதிகள் வேண்டும். பணம் இல்லையென்றால் பாட்டே இல்லாமல் படத்தை அமைத்துப் பாருங்கள். ரசிகர்கள் தாமாகப் பாடுவதையும் பாடலாசிரியர் தரப்பின் அனுமதியின்றி வைக்க வேண்டாம், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

முதல் தொகுப்பை வெளியாருக்குக் காட்டுவதற்கு முன் படத்தில் இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். தகவல் பிழைகளையும் தங்களுக்கு ஆபத்து தரும் இடங்களையும் சுட்டிக்காட்டலாம், தங்களைப் பற்றிய கசப்பான காட்சியை நீக்கச் சொல்லும் உரிமை இல்லை என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலுக்காக ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, அவர் சொல்லும் எழுத்துக்கூட்டலிலேயே போடுங்கள். சிலர் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைக் கொடுப்பார்கள், சிலர் கூடலில் மட்டும் வழங்கும் பெயரைக் கொடுப்பார்கள், ஓரிருவர் இறந்துபோன நண்பர் ஒருவரின் பெயரைத் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்பார்கள்.